பாம்பன் பாதையின் சரக்கு வேகன்கள்: மாதிரியை அசலோடு ஒப்பிட்டுப் பார்த்த அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து:

அசல் ரயிலைச் சிறிய அளவில் செய்துபார்க்கும் நம் பொழுதுபோக்கில், மாதிரி வேகன் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் பெரும்பாலோர் வண்ணத்தையும் எழுத்தையும்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு. இந்த வேகன் எந்தப் பாதையில், எந்த ஆண்டில் நின்றதாக வைத்துக்கொள்கிறீர்கள்? அதற்கு விடை தெரியாமல் ஒரு மாதிரியைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல இயலாது என்பது என் உறுதியான கருத்து. மற்ற ஊர்களில் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். நம் கரையோரப் பாதையை மாதிரியாகக் கட்டுகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது முதல் 2007இல் அகலப் பாதையாக மாறும் வரை இங்கே ஓடியவை அனைத்தும் தண்டவாள இடைவெளி 1000 மி.மீ. கொண்ட மீட்டர் கேஜ் வண்டிகள். 1964 டிசம்பர் புயலுக்கு முன்பு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் இருந்தது. புயலுக்குப் பிறகு இராமேசுவரக் கிளை மட்டுமே எஞ்சியது. 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வே உருவாகும் வரை நிர்வாகத்தின் பெயரே தென்னிந்திய ரயில்வே. ஆகவே ஒரு வேகனின் பக்கவாட்டில் உள்ள நிர்வாகத்தின் பெயரெழுத்துகளே அதன் காலத்தைச் சொல்லிவிடும்.

இராமநாதபுரத்தில் உள்ள நண்பர் ஒருவர், தனுஷ்கோடித் துறையை 1950களின் தோற்றத்தில் மிகுந்த பாடுபட்டுக் கட்டி வருகிறார். மணல்மேடும் தண்ணீர்த் தொட்டியும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அமைந்திருக்கின்றன. ஆனால் துறையோரத்தில் நிறுத்தியிருந்த திறந்த வேகன்கள் எட்டுச் சக்கர பாக்ஸ்-என் வகையைச் சேர்ந்தவை; பக்கவாட்டில் பதினோரு இலக்க எண் வேறு அழகாக அச்சிடப்பட்டிருந்தது. பெயரின் கடைசியில் வரும் 'என்' காற்றழுத்த பிரேக்கைக் குறிப்பது. அந்த வேகனும் அந்த எண்முறையும் பல ஆண்டுகள் பிந்தியவை. அதற்கும் மேலாக, அது அகலப் பாதை வேகன். நண்பர் மற்றொரு காட்சியையும் திட்டமிட்டிருந்தார்: தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்த இலங்கை வேகன் ஒன்று துறையில் இறங்கி நிற்பது போல. அப்படி நடந்திருக்க வழியே இல்லை. அந்தக் கப்பல்கள் பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் சென்றனவே தவிர வேகன்களை ஏற்றவில்லை. ஏற்றியிருந்தாலும் இலங்கைப் பாதையின் அகலம் 1676 மி.மீ., தனுஷ்கோடியின் அகலம் 1000 மி.மீ. அக்கரைச் சக்கரம் இக்கரைத் தண்டவாளத்தில் உட்காராது. இதைச் சொன்னதும் அவர் வருந்தவில்லை; மூட்டைகளும் பெட்டிகளும் வேகனுக்கும் கப்பலுக்கும் இடையே கைமாறுகிற காட்சியாக அதை மாற்றிக்கொண்டார். அது முன்பிருந்ததைவிட எவ்வளவோ உயிருள்ளதாக இருக்கிறது.

அளவு பார்ப்பதில் எனக்குக் கிடைத்த முக்கியமான அனுபவம், 2007க்குப் பிந்திய காலத்தைக் கட்டுகிற வேறொருவர் வாங்கிய மூடு வேகன் தொடர்பானது. விற்பனையாளரின் பெட்டியில் 'பி.சி.என்.ஏ., 1:87' என்று எழுதியிருந்தது; அதாவது பி.சி.என்.ஏ. என்னும் அகலப் பாதை மூடு வேகன் வகை, அசலில் 87இல் ஒரு பங்கு அளவில். வாங்கியவர் கவனமானவர்தான், வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்து 166 மி.மீ. என்று குறித்துக்கொண்டார். அசல் பி.சி.என்.ஏ. வேகனின் நீளம் 14,450 மி.மீ.; அதை 87ஆல் வகுத்தால் 166.1 வரும். எனவே மாதிரி சரியானது என்று முடிவு கட்டிவிட்டார். எனக்கோ அந்த உடல் கொஞ்சம் நீண்டு தெரிந்தது. எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள் என்று கேட்டேன். வேகனின் இரு முனைகளிலும் குறுக்கே உள்ள ஹெட்ஸ்டாக் சட்டங்களுக்கு இடையே அளந்திருக்கிறார். ஆனால் 14,450 என்பது, வேகன்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளரின் முனையிலிருந்து மறுபக்கக் கப்ளரின் முனைவரை உள்ள நீளம். ஹெட்ஸ்டாக் அளவு 13,521 மி.மீ. மட்டுமே, மாதிரியில் அது 155.4 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது.

அப்படியானால் கையில் இருந்தது என்ன? அதற்கு முந்திய பி.சி.என். வேகனைப் பாருங்கள். அதன் ஹெட்ஸ்டாக் நீளம் 14,500 மி.மீ.; கப்ளரோடு சேர்த்து 15,429 மி.மீ. 14,500ஐ 87ஆல் வகுத்தால் 166.7 கிடைக்கிறது. ஆக, பி.சி.என். வேகனின் கப்ளர் இல்லாத நீளமும் பி.சி.என்.ஏ. வேகனின் கப்ளர் சேர்ந்த நீளமும் மாதிரியில் ஏறக்குறைய ஒன்றே. இடையே உள்ள அரை மில்லிமீட்டரைக் காலிப்பர் பிடித்தாலும் மனம் விட்டுக்கொடுத்துவிடும். நல்ல பி.சி.என். மாதிரி ஒன்று தவறான பெயரில் விற்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அன்று முதல் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: மாதிரிகளில் கப்ளரின் நீளம் செய்பவருக்குச் செய்பவர் வேறுபடுவதால் கப்ளர் நீளத்தை நம்பாதீர்கள், ஹெட்ஸ்டாக் முதல் ஹெட்ஸ்டாக் வரை அளந்து, அசல் வேகனின் அளவுப் பட்டியலிலும் அதே வரியோடு ஒப்பிடுங்கள்.

அதே மாதிரியைப் புரட்டிப் பார்த்தபோது சக்கரங்களின் விட்டம் 10.5 மி.மீ.தான் இருந்தது. நம்முடைய காஸ்னப் போகியில் (வேகனுக்கு அடியில் இரண்டு அச்சுகளைத் தாங்கும் சட்டம்) புதுச் சக்கரத்தின் விட்டம் 1000 மி.மீ., போகியின் இரு அச்சுகளுக்கு இடையே 2000 மி.மீ.; மாதிரியில் முறையே 11.5, 23 மி.மீ. வர வேண்டும். 10.5 என்பது 36 அங்குல அமெரிக்கச் சக்கரத்தின் அளவு. போகியும் அங்கிருந்து வந்ததுதான், அச்சு இடைவெளி 20 மி.மீ.யைச் சற்றே தாண்டியது. தண்டவாளத்தின் அகலத்தைப் பற்றியும் கேட்பீர்கள். 16.5 மி.மீ. தண்டவாளம் 1:87இல் 1435 மி.மீ. பாதையைத்தான் குறிக்கும், நம் அகலப் பாதைக்கு 19.3 தேவை. இந்தச் சமரசத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஏனெனில் அதை மாற்றப் புகுந்தால் எஞ்சின் முதல் தடம் மாற்றும் பாயிண்ட் வரை எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டியிருக்கும். சக்கர விட்டத்தில் காட்டும் அலட்சியத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அச்சும் சக்கரமும் கழற்றி மாற்றக்கூடியவை, வேகன் தரையிலிருந்து நிற்கும் உயரமே அவற்றைப் பொறுத்தது. மீட்டர் கேஜ் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு: 12 மி.மீ. தண்டவாளம் 1044 மி.மீ.யைக் குறிப்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

இராமேசுவரத்திலிருந்து, வேகன் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

மண்டபத்து நண்பர் எழுதியதைப் படித்தேன். அளவுகளை அவர் நன்றாகவே சொல்லிவிட்டார். நாங்கள் வேகனைப் பார்த்த முறை வேறு. எங்களுக்கு நீளம் முக்கியமில்லை, அச்சின் முனையும் முகப்பும்தான் முக்கியம். அந்தக் கண்ணோடு மாதிரிகளைப் பார்த்ததில் எனக்குத் தோன்றியவற்றை இங்கே பகிர்கிறேன்.

என் பேரனுடைய நண்பர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிய நான்கு சக்கர மூடு வேகன், மீட்டர் கேஜ் காலத்தது என்று சொல்லப்பட்டது. முகப்பின் இரு பக்கமும் இடிதாங்கும் இரண்டு பஃபர்கள், நடுவில் வேகன்களை இணைக்கும் திருகுச் சங்கிலி. மீட்டர் கேஜ் வேகனில் பக்க பஃபர் கிடையாது. நடுவில் ஒரே பஃபர், அதிலேயே கொக்கி. இணைப்பும் இடிதாங்கலும் அந்த ஒன்றிலேயே முடிந்துவிடும். பக்க பஃபரும் திருகு இணைப்பும் பழைய அகலப் பாதை வேகனுக்கு உரியவை. அந்த மாதிரியைச் செய்தவர் அகலப் பாதை வேகனின் படத்தைப் பார்த்து உடலைச் சுருக்கிவிட்டு, முகப்பை அப்படியே விட்டுவைத்திருக்கிறார் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இரண்டு வேகன்களை இணைத்து நிறுத்தினால் இடையே உள்ள தோற்றமே மாறிவிடுவதால், இதைச் சிறு குறை என்று தள்ளிவிட முடியாது.

அச்சின் முனைக்கு வருகிறேன். பழைய நான்கு சக்கர வேகனில் இருந்தது எண்ணெய் ஊற்றும் ஆக்ஸில் பாக்ஸ், அதாவது அச்சு முனையைத் தாங்கும் பெட்டி. உள்ளே எண்ணெயில் ஊறிய பஞ்சு வைத்திருக்கும், முன்பக்கம் மூடி இருக்கும். எண்ணெய் வற்றினால் அச்சு முனை சூடேறி ஹாட் ஆக்ஸில் ஆகிவிடும் என்பதால் வண்டி நின்றவுடன் புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பார்ப்போம். பி.சி.என்., பாக்ஸ்-என் முதலியவற்றின் காஸ்னப் போகியில் இருப்பது ரோலர் பேரிங். வெளியே தெரியும் வட்ட மூடியில் மூன்று போல்ட்டுகள், அந்த மூடி அச்சோடு சேர்ந்து சுழலும். மாதிரிக்கு வண்ணம் பூசுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எண்ணெய்ப் பெட்டி வேகனில் எண்ணெய் கசிந்து சக்கரத்தின் முகத்தில் படியும், அதன்மேல் தூசி ஒட்டி, முகம் கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கும். ரோலர் பேரிங் வேகனில் கசிவு இல்லாததால் சக்கரத்தின் முகம் உலர்ந்து, வெறும் துருநிறத்தில் தெரியும். இரண்டுக்கும் ஒரே கருப்பை அடித்து வைத்திருப்பதைத்தான் நான் அதிகமாகப் பார்க்கிறேன்.

துருவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடலோரப் பாதை என்பதற்காகவே சிலர் ஒவ்வொரு வேகனையும் உப்புக் காற்றில் ஊறியதைப் போலத் துருவால் மூடிவிடுகிறார்கள். பாலத்தின் இரும்பை உப்புக் காற்று படுத்திய பாடு எங்களுக்குத் தெரியும். ஆனால் பாலம் இங்கேயே நிற்பது, வேகன் அப்படியல்ல. சரக்கு வேகன் எந்த ஒரு ஊருக்கும் சொந்தமில்லை. இன்று இங்கே இறக்கினால் அடுத்த வாரம் வடக்கே எங்கேயோ சிமென்ட்டோ நிலக்கரியோ ஏற்றிக்கொண்டிருக்கும். ஆகவே அதன் உடலில் தெரிய வேண்டியது அது சுமந்த சரக்கின் தடயம்: கதவோரத்தில் சிமென்ட்டின் வெளுப்பு, உள்பக்கத்தில் கரித்தூள், உப்பு ஏற்றியதாக இருந்தால் கதவின் அடியிலும் தளத்தின் ஓரத்திலும் அரிப்பு. பாதைப் பராமரிப்புக்காக ஒரே பகுதியில் நெடுநாள் நிறுத்திவைக்கப்படும் வண்டிகளுக்கு மட்டும் கரையோரத் துருவைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

வேகனின் மேல் பி.ஓ.எச். (குறித்த கால முழுப் பராமரிப்பு) தேதி எழுதிய கட்டத்தையும் மறக்க வேண்டாம். பணிமனையில் முழுப் பராமரிப்பு முடிந்து அண்மையில் வெளிவந்ததாகத் தேதியை எழுதிவிட்டு, உடலை முழுக்கத் துருவேற்றி வைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

கீழக்கரையிலிருந்து:

ஐயா, சக்கர முகத்தைப் பற்றி நீங்கள் எழுதியது இதுவரை நான் எங்கும் படிக்காதது, மிக்க நன்றி. நான் வேகன் எண்களைச் சரிபார்ப்பதில் ஆர்வம் உள்ளவன். தற்கால வேகனின் பதினோரு இலக்கங்களில் முதல் இரண்டு வகையையும், அடுத்த இரண்டு உரிமையுள்ள ரயில்வேயையும், அதற்கடுத்த இரண்டு தயாரித்த ஆண்டையும், பின்வரும் நான்கு தனி எண்ணையும் குறிக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். மாதிரி விற்பவர்கள் முதல் ஆறு இலக்கங்களைச் சரியாகப் போட்டுவிட்டு, கடைசி இலக்கத்தை மனம்போனபடி எழுதிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கணக்கு எளிது. எடுத்துக்காட்டாக 3106120456 என்று பத்து இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். 31 மூடு வேகன் வரிசை, 06 தெற்கு ரயில்வே, 12 தயாரிப்பு ஆண்டு. இரட்டைப்படை இடங்களில் உள்ள 1, 6, 2, 4, 6 ஆகியவற்றைக் கூட்டினால் 19. அதை மூன்றால் பெருக்கினால் 57. ஒற்றைப்படை இடங்களில் உள்ள 3, 0, 1, 0, 5 சேர்ந்தால் 9. மொத்தம் 66. அடுத்த பத்தின் மடங்கான 70ஐ எட்ட 4 தேவை. ஆகவே கடைசி இலக்கம் 4. முழு எண் 31061204564. அண்மையில் ஒரு நண்பர் வாங்கிய தொகுப்பில் வேகன்கள் எல்லாவற்றிலும் கடைசி இலக்கம் வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போயிற்று. செய்தவர் அதை வரிசை எண் என்று எண்ணியிருக்கிறார். முன்பு பாக்ஸ்-என் வேகனில் 31 என்று தொடங்கும் எண்ணையும் பார்த்தேன். திறந்த வேகன்களின் எண்கள் 10 முதல் 29க்குள் தொடங்க வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். 1990களின் பாம்பன் நிலையத்தைக் கட்ட விரும்புகிறேன். அந்தக் காலத்து நான்கு சக்கர வேகனுக்குக் கடையில் தொகுப்பு கிடைக்கவில்லை; முப்பரிமாண அச்சில் நானே செய்யலாம் என்றால், வரைபடம் கைவசம் இல்லை. பழைய நிழற்படங்கள் மட்டும் இருக்கின்றன. அவற்றிலிருந்து அளவு எடுப்பது நம்பத்தக்கதா?

மண்டபத்திலிருந்து:

தம்பி, எடுக்கலாம், ஆனால் எந்தப் படத்திலிருந்து எதை எடுக்கிறோம் என்பதில் கண்டிப்பு வேண்டும். நேர் எதிரிலிருந்து வேகனின் முகப்பைப் பிடித்த படம் இருந்தால் அதுவே உங்களுக்கு அளவுகோல், ஏனென்றால் கீழே தெரியும் தண்டவாள இடைவெளி 1000 மி.மீ. என்பது ஐயத்துக்கு இடமில்லாத அளவு. ஹெட்ஸ்டாக்கிற்கு நேர் கீழே உள்ள இடத்தில் அந்த இடைவெளியை எடுங்கள். படம் பிடித்தவருக்கு அருகில் உள்ள தண்டவாளத்தில் எடுத்தால் இடைவெளி பெரிதாகத் தெரிந்து, வேகன் மெலிந்துவிடும். அதிலிருந்து ஹெட்ஸ்டாக்கின் அகலம், பஃபரின் உயரம், கூரையின் வளைவு ஆகியவை கிடைத்துவிடும். பக்கவாட்டுப் படத்துக்கு அந்த உயரத்தையே அளவுகோலாகக் கொண்டு நீளத்தையும் அச்சு இடைவெளியையும் கணக்கிடலாம். சாய்கோணத்தில் எடுத்த படங்களிலிருந்து நீளம் எடுக்க வேண்டாம்; கதவுத் தாழ், படிக்கட்டு, ரிவெட் வரிசை எங்கே இருக்கின்றன என்பதற்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

இரண்டு வெவ்வேறு படங்களிலிருந்து எடுத்த அளவுகள் ஒத்துப்போனால் ஒழிய முப்பரிமாண அச்சுக்கு அனுப்பாதீர்கள். முகப்பை வரையும்போது இராமேசுவரத்து ஐயா சொன்ன நடு பஃபரும், வேக்குவம் (வெற்றிட) பிரேக்கின் குழாயும் இடம்பெற வேண்டும். பதினோரு இலக்க எண் உங்கள் வேகனுக்கு வேண்டாம். வரைந்து முடித்ததும் இங்கே பதிவிடுங்கள். ஆக்ஸில் பாக்ஸ் பகுதியை ஐயா ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும், உடலின் அளவுகளை நான் சரிபார்த்துத் தருகிறேன்.