அலும்னி சர்வே: தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

படிப்பை முடித்துப் போனவர்களிடம் பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்கும் படிவம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பாடம் வேலையில் கைகொடுத்தது, எது தேர்வோடு மறந்துபோனது, எதைச் சொல்லித்தராமல் விட்டோம் என்று 30 கேள்விகள். எல்லாம் முடிந்துவிட்டது, தலைப்பில் நிற்கிறேன். 'முன்னாள் மாணவர் கருத்துக்கணிப்பு' என்று போட்டால் தேர்தல் நினைவுதான் வருகிறது. வெள்ளிக்கிழமை படிவம் போக வேண்டும். உதவுங்கள்.

*

'முன்னாள்' வேண்டாம் தம்பி. முன்னாள் அமைச்சர் என்றால் பதவி போனவர். கற்றது அப்படிப் போய்விடுமா? 'பயின்றோர்' என்று எழுதுங்கள். வினையாலணையும் பெயர், இறந்தகாலம் உள்ளேயே இருக்கிறது, ஆண் பெண் இருவருக்கும் பொது. 'மாணவர்' வடசொல் வழி வந்தது என்பாரும் உண்டு, 'மாண்' என்ற வேரில் பிறந்தது என்பாரும் உண்டு. 'பயில்' என்பதில் அந்த வழக்கே இல்லை. 'பயின்றோர் கருத்தறிதல்' என்பது என் பரிந்துரை.

*

ஐயா சொன்னதை ஒட்டி ஒன்று. அலும்னி என்ற லத்தீன் சொல்லுக்கு ஊட்டி வளர்க்கப்பட்டவர்கள் என்று பொருள். நாமோ ஃபீட்பேக் என்பதற்குப் 'பின்னூட்டம்' என்று ஏற்கெனவே சொல்கிறோம். அன்று ஊட்டப்பட்டவர் இன்று திருப்பி ஊட்டுகிறார்! இந்தப் பொருத்தத்தை விட எனக்கு மனமில்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. நன்னூல் தலைமாணாக்கருக்கு அன்னத்தையும் பசுவையும் உவமை சொல்கிறது. பசு கிடைத்த புல்லை வயிறாரத் தின்றுவிட்டு, அப்புறம் ஓரிடத்தில் இருந்து அசைபோடும். படித்து முடித்து ஆண்டுகள் கழித்துப் படித்ததை எடைபோடுவதும் அதுதானே? 'அசையாய்வு' எனலாமா?

*

அசையாய்வு என்றால் நேரசை, நிரையசை என்று யாப்புக்குள் போய்விடுவோம். வேண்டாம்.

நான் புள்ளியியல் கற்பிப்பவள். இந்தப் படிவத்தைத் திறக்கிறவர் முதல் வரியிலேயே 'இது எனக்கு வந்தது' என்று உணர வேண்டும். இல்லாவிட்டால் மூடிவிடுவார். பதில் அனுப்பியவர்கள் சொன்னதை எல்லோரும் சொன்னதாக எடுத்துக்கொள்வதுதான் இதில் பெரிய ஆபத்து. நல்ல வேலையில் இருப்பவரும் கடுங்கோபத்தில் இருப்பவரும் எழுதிவிடுவார்கள். நடுவில் இருப்பவர்களின் மௌனம் முடிவையே சாய்த்துவிடும். தலைப்பு புரியாததால் இன்னும் நாலு பேர் விலகினால், அந்தச் சாய்வை நாமே கூட்டுகிறோம். அதனால் என் வாக்கு 'முன்னாள் மாணவர்' என்பதற்கே.

ஆனால் 'பயின்றோர்' என்ற சொல்லில் ஒரு நன்மை உண்டு. பட்டம் வாங்காமல் பாதியில் நின்றவரும் பயின்றவர்தான். பாடத்திட்டம் எங்கே இடறிவிட்டது என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். உங்கள் படிவம் அவர்களுக்கும் போகிறதா?

இன்னொரு வேறுபாடும் முக்கியம். ஒரே ஆண்டில் முடித்த அணியை, படிப்பு முடிந்த 1, 3, 5 ஆண்டுகளில் தொடர்ந்து கேட்டால் அது வேறு ஆய்வு. நேற்று முடித்தவரால் கற்பித்த விதத்தைச் சொல்ல முடியும். கற்றது பயன்பட்டதா என்பதைச் சொல்லச் சில ஆண்டுகள் வேண்டும். அதற்குத் 'தடமறி ஆய்வு' என்று தனிப்பெயர் வைத்துக்கொள்வோம்.

*

அம்மா, நன்றி. பாதியில் நின்றவர்கள் பட்டியலில் இல்லை. உங்கள் மடலைப் பார்த்த பிறகு துறையில் கேட்டேன், சேர்க்கலாம் என்கிறார்கள். இந்த விவாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பலன் இதுதான்.

தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் 'முன்னாள் மாணவர் கருத்தறிதல்' பக்கம். இப்போதைக்கு அதையே போடுகிறேன். இடையில் நின்றவர்களுக்கான கடிதத்தில் மட்டும் 'எங்களிடம் பயின்றோர்' என்று எழுதுகிறேன். நின்றுபோனவரை முன்னாள் மாணவர் என்று அழைத்தால் பழைய காயத்தைக் கிளறுவதாகிவிடுமோ என்று பயம்.

*

கருத்தறிதல் சரி. 'முன்னாள்' எனக்கு இன்னும் உடன்பாடில்லை. நின்றவரைப் புண்படுத்தாத சொல் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்களே, அதை முடித்தவருக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்? அடுத்த படிவம் வரும்போது மறுபடி எழுதுவேன்.