புதுப்பிப்பு: சூரிய நமஸ்காரத்தில் மந்திரம் சொன்னால் மூச்சு குழம்புகிறதே?

சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளுக்கும் சூரியனின் ஒவ்வொரு நாமம் சொல்லும்போது மூச்சு குழம்புகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால், நின்றபடியே ஒரே ஒரு நாமத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் சுற்று முழுக்க மூச்சு மட்டும்தான். முன்பு நிலைக்கு ஒன்றாகச் சொன்னபோது மித்ராய, ரவயே எல்லாம் சட்டென்று முடிந்துவிடும். 'ஓம் ஹிரண்யகர்பாய நமஹ'தான் வில்லன். ஏழாவது நாமம். நாங்கள் செய்யும் முறையில் அது புஜங்காசனம் (பாம்பு படமெடுப்பதுபோல் நெஞ்சை உயர்த்தும் நிலை), மூச்சை உள்ளே இழுக்கும் இடம். இழுத்துக்கொண்டே எப்படி வாய்விட்டுச் சொல்வது?

தியானத்தில் மந்திரம் சொல்ல வாசிகம் (வாய்விட்டு), உபாம்சு (உதட்டளவில்), மானசம் (மனதுக்குள்) என்ற வரிசையில் போகச் சொன்னவருக்குத் தனி நன்றி. கண் சொக்குகிற நாளில் மானசத்துக்குப் போவதில்லை. உதடு மட்டும் அசையும், சத்தம் வெளியே வராது, உபாம்சுவோடு சரி.

"இதுக்கெல்லாம் ஆதாரம் உண்டா?" என்று ஒருத்தர் கேட்டிருந்தார். 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. 23 பேர். 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற பௌத்த மந்திரம் சொன்னாலும், லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும், மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது. சின்ன ஆய்வுதான், வியாதி தீரும் என்று இதை வைத்து யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.