‘நெல் தரிசுப் பயறு’ – வேறு சொல் வேண்டும்

வணக்கம் ஐயா, சொல்லாக்கம் பற்றி நீங்கள் இப்படிக் கேட்டிருந்தீர்கள்:

> ‘ரிலே கிராப்பிங்’குக்கு (நிற்கிற பயிருக்குள்ளேயே அடுத்த பயிரை விதைப்பதற்கு) ‘தொடர்பயிர்’ என்றும், அப்படி விதைக்கிற உளுந்துக்கு வழக்கம்போல் ‘நெல் தரிசுப் பயறு’ என்றும் வைத்துக்கொள்ளலாமே?

இரண்டுமே இடிக்கின்றன. தொடர்பயிர் என்றால் ஒன்றை அறுத்துவிட்டு அடுத்ததைப் போடுவது. டெல்டாவில் சம்பா, தாளடி அறுப்புக்கு 7 முதல் 10 நாள் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுகிறார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும்: கால் வைத்தால் தடம் விழும், தடத்தில் தண்ணீர் ஊறாது. உழவும் கிடையாது, பாசனமும் கிடையாது. மிச்ச ஈரமும் பனியும்தான். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ஆடுதுறை 3 ரகம் 70–75 நாளில், அந்த ஈரத்தைக் கொண்டே காய்த்து முடித்துவிடும். அடியுரம் இட வழியில்லை. அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பூக்கத் தொடங்கும்போது ஒரு முறையும், 15 நாள் கழித்து இன்னொரு முறையும் 2 சதவீத டிஏபி உரக் கரைசலை இலைமேல் தெளிக்கச் சொல்கிறது.

இத்தனை ஆராய்ச்சி நடந்த வயலுக்குத் ‘தரிசு’ என்று பெயர்! ஆங்கிலத்தின் ‘ரைஸ் ஃபாலோ’வில் (rice fallow) உள்ள ‘ஃபாலோ’ என்ற சொல்லைப் பார்த்து வைத்தது. கிராமக் கணக்கில் தரிசு என்றால் சாகுபடி இல்லாத நிலம். இங்கே ஒரே வயலில் இரண்டு பயிர் நிற்கிறது, அதுவும் பின்னது வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துக்கொண்டே வளர்கிறது.

‘தாளடி’யைப் பாருங்கள். குறுவை அறுத்த தாளில் நடுவதால் தாளடி. எந்தக் குழுவும் கூடி வைத்த பெயரல்ல. அதே வழியில் ‘நெல்லடிப் பயறு’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து.

அன்புடன்.

---

மறுமொழி:

தம்பி, தரிசைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ‘நெல்லடி’ என்றதும் களத்தில் நெல் அடிப்பதுதான் நினைவுக்கு வருகிறது. ‘பயிரடி விதைப்பு’ என்று பொதுவாக்கினால் இந்தக் குழப்பம் இல்லை. நெல் தவிர மற்றப் பயிர்களுக்கும் பொருந்தும். அப்புறம் ‘பயிரடி உளுந்து’, ‘பயிரடிப் பாசிப்பயறு’ என்று தானாகவே விரியும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. அறுவடை இயந்திரம் வந்தபின் கதை மாறிவிட்டது. வண்டி திரும்புகிற வரப்போரத்தில் முளைத்த உளுந்தெல்லாம் நசுங்கிப்போகிறது. டயர் வண்டி என்றால் இன்னும் மோசம், பெல்ட் வண்டி கொஞ்சம் பரவாயில்லை. இதற்குப் பயந்தே பலர் அறுத்து முடித்த பிறகு விதைக்கிறார்கள். அதைப் பயிரடி என்று சொல்ல முடியாது. அதற்கு ‘தாள் விதைப்பு’ என்று தனிச் சொல் வைத்துவிடலாம். விதைப்பு வேறு, ஈரம் வேறு, பரிந்துரையும் வேறாகத்தான் இருக்க வேண்டும். இன்றைக்கு இரண்டையும் ‘நெல் தரிசு’ என்ற ஒரே தலைப்பில் போடுவதால்தான், எந்தப் பரிந்துரை எதற்கு என்று உழவர்கள் குழம்புகிறார்கள்.

உழவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேளாண் விரிவாக்க அலுவலர் கையில் இருப்பது பல்கலைக்கழகத்தின் பயிர் உற்பத்திக் கையேடுதான். அதில் உள்ள சொல்லே ஊருக்குப் போகும். ஆகவே இரண்டு சொற்களையும், தலா இரண்டு வரி விளக்கத்தோடு, வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்துக்கும் ஆடுதுறைக்கும் எழுதலாம். வரைவை நீங்களே போடுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.