அவர் திருப்பூர், நான் ஹோப் காலேஜ்: வீடு எங்கே பார்ப்பது?

ஷிப்மென்ட்_வீட்டுக்காரி

எல்லோருக்கும் வணக்கம். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. வீடு மாற்றுவது பற்றி எங்கள் வீட்டில் தினமும் பேச்சு நடக்கிறது, முடிவுதான் வரவில்லை. விவரத்தைக் கொட்டிவிடுகிறேன், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எனக்குக் கோவையில் ஹோப் காலேஜ் பக்கம் டைடல் பார்க்கில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வாரம் மூன்று நாள் ஆபீஸ், காலை 9.30 முதல் மாலை 6.30 வரை. மீதி இரண்டு நாள் வீட்டிலிருந்தே. சனி, ஞாயிறு லீவு. அவர் திருப்பூர் காந்திநகரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு அனுப்புகிற வரை பின்னால் ஓடுகிற வேலை. குழந்தைகள் துணி. ஞாயிறு மட்டும்தான் லீவு, அதுவும் ஷிப்மென்ட் இல்லாத ஞாயிறு.

இப்போது பீளமேட்டில் இருக்கிறோம், வாடகை 15,000. நான் ஸ்கூட்டியில் பத்து நிமிஷத்தில் ஆபீஸ் போய்விடுவேன். அவர் 7.40க்கு பஸ் ஏறினால்தான் 9.15க்கு கம்பெனிக்குள் நுழைய முடியும். திரும்பி வருவதற்குக் கணக்கே கிடையாது. கலர் ஒத்துவரவில்லை என்று பையர், அதாவது துணிக்கு ஆர்டர் கொடுத்தவர், சொன்னால் சாயம் போடும் டையிங்குக்கு ஓட வேண்டும், செக்கிங்கில் பீஸ் அதிகம் ரிஜெக்ட் ஆனால் அங்கேயே உட்கார வேண்டும்.

போன மாதம் ராத்திரி 10.45 பஸ்ஸில் ஏறியவர் தூங்கிவிட்டார். ஹோப் காலேஜில் இறங்க வேண்டியவரை காந்திபுரத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பியிருக்கிறார். ஆட்டோ பிடித்து வீடு வந்தபோது மணி 12.50. உள்ளே வந்து ஷூவைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். சாம்பிள் கவரை பஸ்ஸிலேயே விட்டுவிட்டார். மூன்று ஜட்டி, ஒரு ராம்பர், அவ்வளவுதான். ஆனால் பையர் ஓகே சொல்லிக் கையெழுத்துப் போட்ட பீஸ். காலை ஐந்தரைக்கு நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டைம் கீப்பர் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை மாசக் குழந்தைங்க?" என்றார். "பையரோடதுங்க" என்றேன். பையனோடது என்று காதில் விழுந்திருக்கும் போல, "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

பைக்கில் போகலாமே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கணியூர் டோல் பக்கம் ராத்திரியில் லாரிகள் வருகிற வேகத்தைப் பார்த்திருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் அவரை அந்த ரோட்டில் விட எனக்கு மனசில்லை.

எக்செல் ஷீட் போட்டுப் பார்த்தேன். கருமத்தம்பட்டி அல்லது சோமனூர் என்றால் இரண்டு பேருக்கும் 20, 25 கிலோமீட்டர், நியாயமாகத் தெரிகிறது. அவிநாசி என்றால் அவருக்கு 14, எனக்கு 30க்கு மேல். திருப்பூர் டவுனுக்கே போனால் எனக்கு ரொம்பத் தூரம். அவர் வீடு ஊத்துக்குளி. அத்தை, "பக்கத்துலயே வந்துருங்க கண்ணு, பாலும் தயிரும் தினம் குடுத்து உடறேன்" என்கிறார். அந்த "தினம்" என்பதில்தான் எனக்கு யோசனை.

வாடகை 12,000 வரை. எங்கே பார்க்கலாம்?

பாஸ்_ஹோல்டர்

ரயிலை ஏன் யாரும் நினைப்பதில்லை? ஒன்பது வருஷமாக கோவை–திருப்பூர் சீசன் டிக்கெட்டில் போய்வருகிறேன். பஸ்ஸுக்கு ஆகும் காசில் பாதிகூட ஆகாது. சீசனை வைத்துக்கொண்டு ரிசர்வேஷன் பெட்டியில் ஏறக் கூடாது, சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பெட்டியில் ஆயுத பூஜைக்குப் பொரி, சுண்டல் எல்லாம் உண்டு.

ஆனால் ஒன்று, நான் பேங்க் ஆள். ஐந்தரைக்கு மேல் ஆபீசில் எனக்கு வேலை இல்லை. உங்கள் வீட்டுக்காரர் மாதிரி எட்டோ பதினொன்றோ என்று தெரியாதவருக்கு ரயில் ஆகாது. ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு பிளாட்பாரத்தில் கொசுவடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பீளமேடு ஸ்டேஷனில் எல்லா வண்டியும் நிற்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தறிச்சத்தம்

சோமனூரில் நாலு வருஷம் இருந்தோம். இதே எக்செல் கணக்குதான். நான் கோவை, மனைவி திருப்பூர். இரண்டு பேருக்கும் சமம் என்று பெருமையாக வீடு எடுத்தோம்.

சமமாகத்தான் இருந்தது. காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் வீட்டைப் பூட்டினால் ராத்திரி எட்டுக்குத்தான் திறப்போம். நல்ல தண்ணி பகல் பதினொரு மணிக்கு விடுவார்கள், பிடிக்க ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா பாவம் பார்த்து இரண்டு குடம் பிடித்து வைப்பார். கேஸ் சிலிண்டர்காரர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் வந்து சேர ஒரு மணி நேரம். இரண்டு பேரில் ஒருவராவது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இதெல்லாம் தன்னால் நடந்துவிடும். உங்கள் ஷீட்டில் இதற்குக் கட்டம் போட்டிருக்கிறீர்களா?

அப்புறம் தறி. எங்கள் சந்தில் மூன்று வீட்டில் விசைத்தறி, ராத்திரியும் ஓடும். படுக்கையில் காதை வைத்தால் தரை அதிர்வது தெரியும். ஆறு மாதத்தில் பழகிவிட்டது. பிறகு ஒரு முறை கூலி உயர்வு கேட்டு ஸ்டிரைக், தறி நின்றது. அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் தூக்கமே வரவில்லை. ஊரைக் குறை சொல்லவில்லை, நல்ல மனுஷர்கள். ஆனால் நீங்கள் வீட்டிலிருந்து மீட்டிங் பேசுகிறவர். பகலில் போய், சத்தத்தைக் காதால் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பூண்டி_டீச்சர்

கண்ணு, நான் திருமுருகன்பூண்டியிலிருந்து பீளமேட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு 19 வருஷம் போய்வந்தவள். ரிட்டயர்டு ஆகி மூன்று வருஷம் ஆகிறது. கிலோமீட்டரை விடு. யாருக்கு வீட்டுக்கு வருகிற நேரம் தெரியாதோ, அவர் பக்கத்தில் இருக்கட்டும். நேரம் தெரிந்தவர் பஸ்ஸில் போகலாம். 6.30க்கு வேலை முடியும் என்றால் 6.45க்கு ஸ்டாப்பில் நிற்பாய், எட்டு மணிக்குள் வீடு. அந்தத் தம்பிக்கு அப்படி ஒரு கணக்கு என்றைக்குமே வராது.

இன்னொன்றும் எண்ணிப் பார். அவர் மாதம் 26 நாள் போகிறார், நீ 13 நாள். உன் தூரம் அவர் தூரத்தைப் போல இரண்டு மடங்கு ஆனாலும் மொத்த அலைச்சல் இப்போதையதைவிடக் குறைவுதான்.

ஆனால் உட்கார்ந்து போவது வேறு, நின்றுகொண்டு போவது வேறு. திருப்பூரில் கிளம்புகிற பஸ் புஷ்பா ஸ்டாப் தாண்டுவதற்குள் நிறைந்துவிடும். எங்கள் பூண்டியில் ஏறுகிறவர்களுக்குக் கம்பிதான். அவிநாசியில் கொஞ்சம் பேர் இறங்குவார்கள், இடம் கிடைத்தாலும் கிடைக்கும். சேலம், ஈரோடு பஸ்கள் சிலது ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விடும். பைபாஸில் இறக்கிவிட்டால் ராத்திரியில் வீடு வரைக்கும் எப்படி வருவாய் என்று முதலில் யோசி. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு பார். வாடகை ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை.

டவுன் பஸ்ஸில் பெண்களான நமக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டுக்குக் காசு இல்லை, ஆனால் வெளியூர் பஸ்ஸுக்கு அது செல்லாது. அந்தக் காசையும் கணக்கில் எழுது. இப்போது கோல்ட்வின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரைக்கும் 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் வந்துவிட்டது, 2025 அக்டோபரில் திறந்தார்கள். ஏறும்போதே கண்டக்டரிடம் "கீழ போகுமா, மேல போகுமா?" என்று கேட்டுக்கொள். இல்லாவிட்டால் உன் ஆபீசைப் பாலத்துக்கு மேலிருந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

பூண்டியில் வீடு பார்ப்பதாக இருந்தால் சிற்பக் கூடத்துக்குப் பக்கத்தில் எடுக்காதே. உளிச் சத்தம் காதுக்கு நன்றாகத்தான் இருக்கும். கல் அறுக்கும் மெஷின் அப்படி இல்லை.

கோல்ட்வின்ஸ்காரி

டீச்சரம்மா மேல் மரியாதை உண்டு, ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எந்தக் கணக்குப் போட்டாலும் கடைசியில் பெண்தான் ஏன் பஸ்ஸில் நிற்கிறாள்? மூன்று நாள் ஆபீஸ் என்பது கம்பெனிக்காரன் அனுப்புகிற ஒரு மெயிலில் ஐந்து நாள் ஆகிவிடும். என் தோழிக்கு அப்படித்தான் ஆனது. டீச்சரின் 26க்கு 13 அன்றைக்கே 26க்கு 22 ஆகிவிடும். அப்போது என்ன செய்வீர்கள்?

நான் சொல்வது இதுதான். எங்கே போனாலும் 11 மாத அக்ரிமென்ட் போடுங்கள், சொந்த வீடு, லோன் என்று எதிலும் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஐந்து நாள் ஆனால் மறுபடி வீட்டைப் பற்றிப் பேசுவோம் என்று இப்போதே அவரிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் போதாது, வாட்ஸாப்பில்.

அட்வான்ஸைப் பேரம் பேசுங்கள். 2017 வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய. அந்த "ஒழிய"வில்தான் எல்லா வீட்டுக்காரர்களும் குடியிருக்கிறார்கள். இருந்தாலும் சட்டத்தைச் சொன்னால் கொஞ்சம் இறங்குவார்கள்.

ஷிப்மென்ட்_வீட்டுக்காரி

எல்லோருக்கும் நன்றி. முக்கியமாகத் தறிச்சத்தத்துக்கு. அந்தப் பூட்டிய வீட்டுக் கதையைப் படித்துவிட்டு கருமத்தம்பட்டி, சோமனூர் இரண்டையும் ஷீட்டிலிருந்து எடுத்துவிட்டேன். "சமம்" என்பதை நான்தான் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன். அவர் ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை.

போன புதன்கிழமை ராத்திரி அவிநாசியில் என் காலேஜ் தோழி வீட்டில் தங்கி, வியாழன் காலை அங்கிருந்தே ஆபீஸ் போய்ப் பார்த்தேன். 7.50க்குப் பஸ். தெக்கலூர் வரைக்கும் நின்றேன், அப்புறம் ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். "கீழயா, மேலயா?" என்று கேட்டேன், கண்டக்டர் சிரித்துவிட்டு "கீழதானுங்க" என்றார். ஹோப் காலேஜில் இறங்கும்போது 8.55. சாயங்காலம் கூட்டம் அதிகம், ஒரு பஸ்ஸை விட்டு அடுத்ததில் ஏறி, அவிநாசி வரும்போது 8.05. கால் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது வாரம் மூன்று நாள் வலி.

நாலு வீடு பார்த்தோம். இரண்டு பைபாஸ் பக்கம், டீச்சர் சொன்னதால் உள்ளே கூடப் போகவில்லை. ஒன்றில் உப்புத் தண்ணி மட்டும். நாலாவது, கோயில் தேர்வீதிக்குப் பின்னால் முதல் மாடி. பஸ் ஸ்டாண்டுக்கு ஏழு நிமிஷ நடை, ராத்திரி ஒன்பதரைக்கும் நடந்து பார்த்தேன், விளக்கும் பேக்கரியும் இருக்கிறது. வாடகை 9,500. வீட்டுக்காரர் ஒரு லட்சம் அட்வான்ஸ் கேட்டார். 2017 சட்டம் என்று ஆரம்பித்தேன். "நானும் படிச்சிருக்கேனுங்க" என்றார். 60,000க்கு முடிந்தது. சித்திரைத் தேர் ஓடும் நாட்களில் தெருவிலிருந்து வண்டி எடுக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த நாட்களுக்கு இப்போதே லீவு போட்டு வைக்கப் போகிறேன்.

ஐந்து நாள் ஆபீஸ் என்று மெயில் வந்தால் மறுபடி வீடு பார்ப்பது என்று அவர் வாட்ஸாப்பில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஸ்டார் போட்டு வைத்திருக்கிறேன்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பால் காய்ச்சுகிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் அவர். பால் எங்கிருந்து வரும் என்று எனக்கு இப்போதே தெரியும்.