மலை மேடையில் கிட்டார் ப்ராசஸர்: எது கெடுகிறது, எதைத் திருப்பினால் சரியாகிறது

ஊட்டி, லீட் கிட்டார்

சீசன் வந்துவிட்டது. பூங்கா மேடை, சர்ச், கல்யாண மண்டபம், ரிசார்ட் புல்வெளி என்று ஒரே வாரத்தில் நாலு மாதிரி இடம். வால்வ் ஆம்ப்பையும் கேபினெட்டையும் கோவையிலிருந்து வாடகைக்கு ஏற்றினால் வண்டி, ஆள்கூலி, 2024 மே முதல் இ-பாஸ் வேறு. அதனால் இங்கே பெரும்பாலும் எல்லார் காலடியிலும் ஹெலிக்ஸோ, க்வாட் கார்டெக்ஸோ, பாஸ் (Boss) ஜிடியோ, டோனெக்ஸோதான். ஆம்ப், கேபினெட், எஃபெக்ட் எல்லாவற்றின் ஒலியையும் டிஜிட்டலாக ஒரே பெட்டியில் தருகிற ப்ராசஸர்கள் இவை; யூனிட் என்று சொல்வதும் இதைத்தான். அவரவர் பழைய கதை வேண்டாம் நண்பர்களே. மேடையில் எது கெட்டது, ஏன் கெட்டது, எப்படிச் சரியாகும், இதை மட்டும் எழுதுங்கள். புதிதாக வாங்கியவர்களுக்கு அதுதான் உதவும்.

அடிக்கடி பார்க்கிற கோளாறிலிருந்து தொடங்குகிறேன். வீட்டில் பிரமாதமாக இருந்த டோன் மேடையில் கீழே குமுகுமு, மேலே ஈ மொய்க்கிற இரைச்சல். யூனிட்டில் குறை இல்லை, காதின் இயல்பு அது. சத்தம் குறைவாக இருக்கும்போது பாஸும் ட்ரெபிளும் நமக்கு மங்கலாகத்தான் கேட்கும். 1933-லேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள். ராத்திரி ஹெட்போனில் மெதுவாக வைத்து ப்ரீசெட் (சேமித்து வைக்கிற டோன் அமைப்பு) செய்யும்போது அந்த இரண்டையும் தெரியாமலே ஏற்றிவிடுகிறோம். மேடைச் சத்தத்தில் அது முழுசாக வெளியே வருகிறது.

தீர்வு: கேப் பிளாக்கில் (கேபினெட் ஒலியைத் தருகிற பகுதி), அல்லது அதற்குப் பின்னால் ஒரு ஈக்யூவில், லோ கட் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டுவது) 90 முதல் 100 ஹெர்ட்ஸ், ஹை கட் (அதற்கு மேலே உள்ளதை வெட்டுவது) 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ். நிஜ கிட்டார் ஸ்பீக்கரே 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மளமளவென்று விழுந்துவிடும், அதனால் மேலே வெட்டுவதால் நஷ்டமில்லை. தடித்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ். 100-ல் வெட்டினால் மெலிந்துபோகும் என்று பயப்படுகிறவர்கள் பேண்டோடு சேர்த்து வாசித்துக் கேளுங்கள். அந்த இடம் பாஸ் கிட்டாருக்கும் கிக்குக்கும் சொந்தம். கெயினையும் (டிஸ்டார்ஷன் அளவு, டிரைவ் என்பதும் இதுதான்) வீட்டில் வைத்ததிலிருந்து கால்வாசியாவது குறையுங்கள். சத்தம் கூடும்போது டிரைவ் தானாகவே அதிகம் போலக் கேட்கும்.

ப்ரீசெட்டுகளின் வால்யூமைச் சமப்படுத்தும்போது ஆம்ப் பிளாக்கின் சேனல் வால்யூமை மட்டும் தொடுங்கள், அது டோனை மாற்றாது. டிரைவையோ மாஸ்டரையோ தொட்டால் டோன் மாறிவிடும். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்: டிஸ்டார்ஷன் சத்தம் அமுங்கிய சத்தம், க்ளீனும் அதுவும் ஒரே உச்சம் காட்டினாலும் காதுக்கு டிஸ்டார்ஷன்தான் பெரிசு. சோலோவுக்கு ஆம்ப்புக்குப் பின்னால் 3 டிபி (டெசிபல்) ஏற்றினால் போதும்.

கொடைக்கானல், சவுண்ட் மிக்ஸிங்

மிக்ஸர் பக்கம் நிற்கிறவன் பார்வையில் சொல்கிறேன். ப்ராசஸரின் கேனான் (மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர்.) அவுட்டுக்கு மைக் (மெல்லிய சிக்னல்), லைன் (வலுவான சிக்னல்) என்று இரண்டு நிலை இருக்கும். ஸ்டேஜ் பாக்ஸில் (மேடைக் கேபிள்களை மிக்ஸருக்குச் சேர்க்கிற பெட்டி) போவது மெல்லிய சிக்னலைப் பெருக்குகிற மைக் ப்ரீஆம்ப்புக்குள். லைனில் விட்டுவிட்டால் என் பக்கம் கெயினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தும் கிளிப் ஆகும் (அளவு மீறி உடையும்), நீங்கள் டோன் கெட்டுவிட்டது என்று யூனிட்டைத் திருகிக்கொண்டிருப்பீர்கள். குளோபல் செட்டிங்ஸில் மைக் என்று வைத்துவிட்டு வாருங்கள். லைன் செக்கில் உங்களுடைய மிகச் சத்தமான ப்ரீசெட்டை முதலில் வாசியுங்கள், டிஜிட்டல் மிக்ஸரில் சராசரி மைனஸ் 18 டிபி வாக்கில் வருமாறு நான் கெயின் வைத்துக்கொள்கிறேன். மெதுவானதை முதலில் காட்டிவிட்டு, பாட்டு நடுவில் சோலோ ப்ரீசெட்டை மிதிப்பதுதான் பெரும்பாலான சண்டைக்குக் காரணம்.

சிறிய யூனிட்டுகளில் கேனான் கிடையாது, பி-38 ஜாக்தான் (கிட்டார் கேபிளின் கால் அங்குல ஜாக்). அதிலிருந்து நேராக 15 மீட்டர் மோனோ கேபிள் இழுத்தால் லைட் டிம்மரின் கரகரப்பு முழுவதும் ஏறும். இடையில் ஒரு டி.ஐ. பாக்ஸ் (ஜாக் சிக்னலை இரைச்சல் ஏறாத கேனான் சிக்னலாக மாற்றுகிற பெட்டி) வையுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள பாஸிவ் டி.ஐ.யே போதும். ப்ராசஸர் கொடுக்கிற அளவே வலுவாக இருப்பதால் பாக்ஸில் பேட் ஸ்விட்ச் (சிக்னல் அளவைக் குறைப்பது) இருந்தால் போட்டுவிடுங்கள்.

48 வோல்ட் ஃபேன்டம் (மிக்ஸர் கேபிள் வழியே மைக்குக்கு அனுப்புகிற கரண்ட்) பற்றி: பல பழைய மிக்ஸர்களில் ஒரே பொத்தானில் எல்லாச் சேனலுக்கும் போய்விடும். கண்டென்ஸர் மைக்குக்காக நான் அதைப் போட்டிருந்தால் உங்கள் அவுட்டுக்கும் வரும். சில யூனிட் தாங்கும், சில தாங்காது. மேனுவலில் தாங்கும் என்று எழுதியிருக்காவிட்டால் ட்ரான்ஸ்ஃபார்மர் டி.ஐ. வழியாகவே கொடுங்கள். அது ஃபேன்டத்தை யூனிட் பக்கம் விடாது.

கடைசியாக, ஸ்டீரியோ. இங்கே பெரும்பாலான இடத்தில் உங்களுக்கு ஒரு சேனல்தான் கிடைக்கும். இடது, அதாவது மோனோ என்று எழுதியிருக்கிற ஜாக்கில் மட்டும் போடுங்கள். பிங்-பாங் டிலே (இடம் வலம் மாறி மாறி வரும் எதிரொலி), இரட்டை ஐ.ஆர். (கேபினெட் ஒலியின் அச்சு ஃபைல்) எல்லாம் மோனோவில் சேரும்போது ஒன்றையொன்று தின்று, நடுவே ஓட்டை விழுந்த மாதிரி டோன் மெலியும். வீட்டிலேயே மோனோவில் கேட்டுவிட்டு வந்தால் இது நேராது.

குன்னூர், பாஸ் மற்றும் கிட்டார்

கொடை அண்ணா சொன்னதெல்லாம் சரி. அதற்கு முன்னாலேயே கவனிக்க வேண்டியது எர்த். இதை எல்லாரும் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

இங்கே பழைய பங்களா, எஸ்டேட் கிளப், பாறைமேல் கட்டிய ஹால் நிறைய. சுவரில் மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மேடையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வைத்திருங்கள். ஏசி வோல்ட்டில் போட்டு, ஒரு முனையை கிட்டார் பிரிட்ஜில் வையுங்கள், மறு முனையை பாடுகிற மைக்கின் கம்பி வலையில் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் என்றால் பாடலாம். 60, 90 என்று காட்டினால் உதட்டை மைக்கில் வைக்காதீர்கள். 200-ஐத் தாண்டினால் பிளக்கைக்கூடத் தொடாமல் மெயினை அணைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நடுத்தர எண் எங்கிருந்து வருகிறது? இரண்டு பின் அடாப்டரிலிருந்து. அதன் உள்ளே இருக்கிற சின்ன கெபாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கசிந்து, யூனிட், கேபிள், தந்தி எல்லாம் மிதக்கும். கை வைத்தால் குறுகுறுவென்று இழுக்கும். மிக்ஸர் எர்த்தில் இருந்து, கேனான் கேபிளின் முதல் பின்னும் இணைந்திருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே இறங்கிவிடும், மீட்டரும் இறங்கும். இங்கேதான் ஒரு தப்பு நடக்கிறது. ஹம் (கரண்ட் இரைச்சல்) வந்ததும் யோசிக்காமல் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் (கேபிள் வழி எர்த்தைத் துண்டிப்பது) தட்டிவிடுகிறார்கள். அடாப்டர் யூனிட்டுக்கு எர்த் வர இருந்த ஒரே வழியும் அதோடு போய்விடும், குறுகுறுப்பு திரும்ப வரும், ஹம்மும் கூடும். மூன்று பின் பவர் கார்டு உள்ள பெரிய யூனிட்டுக்கு, அதுவும் சுவரில் எர்த் உண்மையாகவே வேலை செய்யும்போது, லிஃப்ட் சரியான மருந்து. இரண்டு எர்த் வழி சேர்ந்து வட்டம் ஆவதால்தான் அங்கே ஹம் வருகிறது.

பிளக்கின் பெரிய பின்னை உடைத்தோ, இரண்டு பின் கன்வெர்ட்டர் போட்டோ ஹம்மை நிறுத்துகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. செய்யவே செய்யாதீர்கள். அதற்குப் பதில் மிக்ஸர் எந்த போர்டிலிருந்து கரண்ட் எடுக்கிறதோ அதே போர்டிலிருந்து மேடைக்கு எக்ஸ்டென்ஷன் இழுத்துவிடுங்கள். லைட் வேறு ஃபேஸில் இருக்கட்டும். பாதி ஹம் அதிலேயே போகும்.

கூடலூர், ரிதம்

ஜெனரேட்டர் பற்றி ஒரு வரி. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது சகஜம். ஒரு நொடி போனாலும் ப்ராசஸர் அணைந்து, திரும்ப எழ அரை நிமிடம் வரை ஆகும், சிலதுக்கு அதற்கும் மேல். 600 விஏ சின்ன யு.பி.எஸ். ஒன்று போதும். 9 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் என்றால் அதிகபட்சம் 27 வாட், ஜெனரேட்டர் பிடிக்கும்வரை தாராளமாகத் தாங்கும். யு.பி.எஸ்.ஸைப் பிக்கப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள்.

கோத்தகிரி, புதிதாக வாங்கியவர்

அண்ணா, எச்எக்ஸ் ஸ்டாம்ப்புக்கு (ஹெலிக்ஸின் சின்ன வகை) 9 வோல்ட் பெடல் அடாப்டர் போடலாமா? இங்கே கடையில் 1 ஆம்பியர்தான் கிடைக்கிறது. இன்னொன்று, டிசம்பரில் ஹாலுக்குள் போனதும் திரை மங்கலாகி, ட்யூனிங்கும் ஓடுகிறது. யூனிட் கெட்டுவிட்டதா?

ஊட்டி, லீட் கிட்டார்

தம்பி, போடாதீங்க. அதற்கு 9 வோல்ட், 3 ஆம்பியர், நடுவில் நெகட்டிவ். 1 ஆம்பியரில் ஒன்று எழவே எழாது, இல்லை எழுந்து பிளாக் சேர்க்கச் சேர்க்கத் திரும்பத் திரும்ப அணையும். க்வாட் கார்டெக்ஸுக்கு 12 வோல்ட். இரண்டின் பிளக்கும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் அடாப்டர் மேலேயே பெயின்ட் மார்க்கரில் யூனிட் பெயர் எழுதிவிடுங்கள்.

திரை மங்குவது பனி. தலைகுந்தா பக்கம் உறைபனி விழுகிற ராத்திரியில் ஜீப்பில் கிடந்த யூனிட் சில்லென்று இருக்கும். இருநூறு பேர் மூச்சு விடுகிற ஹாலில் பையைத் திறந்தவுடன் அந்த ஈரக் காற்று குளிர்ந்த உலோகத்தில் நீராகப் படிகிறது. வெளியே கண்ணுக்குத் தெரிகிற அதே ஈரம் உள்ளே போர்டிலும் படியும். பையைத் திறக்காமல் ஜிப்போடு ஹாலுக்குள் முக்கால் மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு திறந்து, பிறகு பவர் கொடுங்கள். புல்வெளி மேடையில் மேகம் இறங்கினால் இன்னொரு தொல்லை: ஹெலிக்ஸின் கால் ஸ்விட்ச் தொட்டாலே உணரும் வகை, க்வாட் கார்டெக்ஸின் திரையும் அப்படியே. ஈரத்தில் தானாக எதையாவது தேர்ந்தெடுக்கும். ஹெலிக்ஸில் அந்தத் தொடு வசதியை குளோபல் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். ஒரு காட்டன் துணி காலடியில் கிடக்கட்டும்.

ட்யூனிங்: குளிரில் தந்தி சுருங்கி சுருதி ஏறும், லைட் சூட்டில் இறங்கும். சுற்றில்லாத ஜி தந்திதான் அதிகம் நகரும், முதலில் அதைப் பாருங்கள். லைட் போட்டு பத்து நிமிடம் மேடையில் கிட்டாரை ஸ்டாண்டில் வைத்த பிறகு கடைசி ட்யூனிங் செய்தால் பாதித் தொல்லை தீரும்.

கொடைக்கானல், சர்ச் ஆராதனைக் குழு

கருங்கல் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய சர்ச்சில் ரிவெர்ப் பிளாக்கை முழுக்க அணையுங்கள். கட்டடமே ஏற்கெனவே கொடுக்கிறது. டிலே தேவையென்றால் மிக்ஸ் 15 சதவீதத்துக்குள், ஃபீட்பேக் (எதிரொலி திரும்ப வருவது) இரண்டு தடவைக்கு மேல் வராமல்.

பாடுகிறவர் கடைசி நிமிடத்தில் அரைச் சுருதி குறைக்கச் சொன்னால் ஹெலிக்ஸ் வகையில் 3.0 பதிப்பிலிருந்து பாலி கேப்போ (எல்லாத் தந்தியின் சுருதியையும் சேர்த்து மாற்றுகிற பிளாக்) இருக்கிறது. கார்டு வாசிக்க உதவும். ஆனால் தாமதம் கூடும், கையோடு ஒட்டாத மாதிரி தெரியும். மானிட்டர் சத்தம் குறைவாக இருந்தால் தந்தியின் அசல் சுருதியும் காதில் விழுந்து குழப்பும். இயர்போன் மானிட்டரில் மட்டும் பயன்படுத்துங்கள்.

தாமதம் என்றதும் எல்லாரும் ப்ராசஸரைத்தான் குறை சொல்கிறார்கள். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போகவே ஏறத்தாழ 3 மில்லி நொடி ஆகிறது. நாலு மீட்டர் தள்ளி இருக்கிற மானிட்டரை முதலில் காலடிக்கு இழுங்கள், பிறகு செட்டிங்ஸைப் பார்க்கலாம்.

வெலிங்டன், கவர் பேண்ட்

பாட்டு நடுவில் ப்ரீசெட் மாற்றினால் ஒரு கணம் சத்தம் அறுபடும், யூனிட் முழு சங்கிலியையும் புதிதாக ஏற்றுகிறது. ஒரு பாட்டுக்கு ஒரு ப்ரீசெட், அதற்குள் ஸ்னாப்ஷாட் (அதே ப்ரீசெட்டின் வெவ்வேறு நாப் நிலைகள்; க்வாட் கார்டெக்ஸிலும் ஃப்ராக்டலிலும் பெயர் சீன்) என்று பிரித்தால் அறுபடாது. இதில் ஒரு பொறி உண்டு. மேடையில் ஒரு நாப்பைத் திருப்பிவிட்டு வேறு ஸ்னாப்ஷாட் போய்த் திரும்பினால் திருத்தம் நிற்குமா, பழையதற்கே போகுமா என்பது ரீகால், டிஸ்கார்ட் என்ற செட்டிங்கைப் பொறுத்தது. மேடைக்கு டிஸ்கார்ட் நல்லது: தவறாகக் கை பட்டாலும் அடுத்த மிதியில் சரியாகிவிடும்.

கோத்தகிரி, சவுண்ட் சர்வீஸ்

படுகர் கல்யாணத்துக்கு ஹட்டியில் (படுகர் ஊர்) மேடை போடும்போது கீபோர்டும் ரிதம் பேடும்தான் நிறைய இடத்தை எடுக்கும். அங்கே கிட்டாரின் 300 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டிபி குறைத்து, 1.5 கிலோஹெர்ட்ஸில் கொஞ்சம் ஏற்றினால் வால்யூம் கூட்டாமலே தெளிவாக வரும். தகரக் கூரையில் மழை அடிக்கும்போதும் இதே வழிதான். ஒலிபெருக்கி ராத்திரி பத்து மணியோடு நிறுத்த வேண்டும் என்பதால் மேடைச் சத்தம் குறைவாக இருப்பது ஊருக்கும் நல்லது. இதில் ப்ராசஸருக்கு நிகர் எதுவும் இல்லை.

தென்மேற்குப் பருவமழை முடியும்போது எல்லா ஜாக்கும் கரகரக்கும். கான்டாக்ட் கிளீனரை ஜாக்குக்குள் அடிக்காமல் பிளக்கில் அடித்து, பத்துத் தடவை நுழைத்து எடுங்கள். பிறகு கால் மணி நேரம் காயட்டும்.

குன்னூர், பாஸ் மற்றும் கிட்டார்

மேடையில் யூனிட் அணைந்தால் மாற்று ஏற்பாடு என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். பாஸ் (Boss) ஜிடி-1 மாதிரி நாலு ஏஏ பேட்டரியில் ஓடுகிற சின்ன யூனிட் ஒன்றில் க்ளீன், க்ரன்ச், லீட் என்று மூன்றே ப்ரீசெட், எல்லாமே கேப் சிமுலேஷனோடு. பெரிய யூனிட் அணைந்தால் கிட்டார் கேபிளையும் டி.ஐ.க்குப் போகிற கேபிளையும் மாற்றிக் குத்தினால் போதும், பாட்டு நிற்காது. பெரிய யூனிட்டில் நிகழ்ச்சி வாரத்தில் ஃபர்ம்வேர் (யூனிட்டின் உள் மென்பொருள்) ஏற்றாதீர்கள். ஏற்றுவதாக இருந்தால் முன்னாலேயே லேப்டாப்பில் முழு பேக்கப், ஐ.ஆர். ஃபைல்கள் தனியாக பென்டிரைவில். பேட்டரி நான்கும் ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும். குளிரில் பழையது ஒன்று கலந்தாலும் சீக்கிரம் படுத்துவிடும், மேடை ஏறும்வரை அவற்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.