செஞ்சிக் கோட்டை: முட்டி வலியோடு கிருஷ்ணகிரி மலை ஏறலாமா?

அப்பாவுக்கு வயது 71. 1677-இல் சிவாஜி பிடித்த செஞ்சியின் கதையைச் சொல்லித்தான் என்னை வளர்த்தார். அந்தக் கோட்டையின் உயரமான மலையான ராஜகிரியின் உச்சியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. போன மாதம் இரண்டு முறை முயன்றோம். முதலில் பதினோரு மணிக்கு ஏறினோம், பாறை கொதித்தது. அடுத்த வாரம் கோட்டை திறந்ததுமே போனோம். முட்டி உறை, ஊன்றுகோல் எல்லாம் இருந்தும் பாதி வழிதான் முடிந்தது.

மூச்சுத் திணறல் இல்லை. ஏறும்போது வலியும் இல்லை. இறங்கும்போதுதான் இடது முட்டி வீங்கி, கால் நடுங்குகிறது. உயரமான படிகள் வேண்டாம் என்கிறார் மருத்துவர். சரி, உச்சி வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். ஆனால் முகம் வாடிப்போனது, எனக்குத் தாங்கவில்லை.

எதிரே உள்ள கிருஷ்ணகிரி மலை உயரம் குறைவு. முட்டி வலி உள்ள பெரியவர்களை அங்கே கூட்டிப்போனவர்கள் சொல்லுங்கள்: இறங்குவதற்கு அந்தப் படிகள் ராஜகிரியைவிட எளிதா?