மறு: "செக்மென்ட்" - துண்டா, பகுதியா, கூறா?

அன்பின் குழுவினருக்கு,

மாங்குளம், கிளிநொச்சிப் பக்கம் கொத்து வண்டி, ரோல்ஸ் வண்டி வைத்திருப்பவர்களுக்கான எஸ்.எம்.எஸ் விளம்பரக் கையேட்டு வரைவில் "செக்மென்ட்" (ஒரு செய்திக்குக் காசு கணக்கிடும் அலகு) என்பதைத் "துண்டு" என்று எழுதியிருக்கிறோம். அது சரிவராது. செய்தி உடைந்து வாடிக்கையாளரின் போனில் இரண்டாக வரும் என்றுதான் வியாபாரி விளங்கிக்கொள்வார். போன் இரண்டையும் ஒட்டி ஒன்றாகவே காட்டும். காசுதான் இரண்டுக்கும் போகும். "பகுதி" என்றாலும் காசுக் கணக்கு தெரியவராது.

என் தெரிவு "கூறு". மீனைக் கூறு போட்டு விற்கிறோம், ஒரு கூறுக்கு ஒரு விலை. எண்ணிக் காசு வாங்கும் அலகு என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

வரைவில் கணக்கும் தெளிவாக வரவேண்டும். ஒரு கூறு 140 பைட். ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதினால் 160 குறி (இடைவெளியும் சேர்த்து) கொள்ளும். ஒரேயொரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்திக்கும் 70 தான். 71ஆவது குறி வந்ததும் இரண்டு கூறு. ஒட்டும் தகவலுக்கு 6 பைட் போவதால், அதன்பின் கூறொன்றுக்கு 67. குற்றும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும்: "கொத்து" கண்ணுக்கு மூன்றெழுத்து, கணக்கில் 6.

மாதிரிக்கு இதை வைக்கலாம்:

"இன்று மாலை 6 மணி, மாங்குளம் சந்தி. கொத்து, ரோல்ஸ். வேண்டாம்:"

இதையடுத்து இடைவெளி விடாமல் 10 இலக்கத் தொலைபேசி எண். மொத்தம் சரியாக 70. முன்னால் "அன்பான வாடிக்கையாளர்களே" போட்டால் அது மட்டுமே 23, செலவு இரட்டிப்பாகும். எண்ணை மட்டும் வெட்டக்கூடாது. கடைப்பெயரில் போகும் செய்திக்கு மறுமொழி அனுப்ப முடியாது, விலக விரும்புகிறவருக்கு அந்த எண்தான் வழி.

---

வணக்கம்.

"கூறு" எனக்கும் சம்மதம். ஆனால் "கூறுகள்" என்று பன்மையில் வந்தால் அம்சங்கள் என்றும் வாசிக்கலாம். ஆகவே தலைச்சொல் "செய்திக்கூறு", புழக்கத்தில் "ஒருகூறுச் செய்தி", "இருகூறுச் செய்தி" என்று வைப்போம்.

உங்கள் மாதிரியில் ஒரு பொறி இருக்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டும்போது ொ, ோ ஆகியவை ஒற்றைக் குறியாக வராமல் கொம்பும் அரவுமாகப் பிரிந்து வரலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. "கொத்து", "ரோல்ஸ்" இரண்டிலும் ஒவ்வொன்று கூடி 72 ஆகிவிடும். யூனிகோடில் நேரே தட்டச்சு செய்து, அனுப்பும் தளத்தின் எண்ணியில் பார்த்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள்.

"வேலிடிட்டி பீரியட்" (போய்ச் சேராத செய்தியை எவ்வளவு நேரம் வைத்திருந்து அனுப்பப் பார்ப்பது) என்பதற்கு வரைவில் உள்ள "செல்லுபடிக் காலம்" வேண்டாம், "செல்லுபடி நேரம்" பொருந்தும். இங்கே மணிக்கணக்கில்தான் அமைக்கவேண்டும். மாலை 4.30க்கு அனுப்பினால் 3 மணித்தியாலம் போதும். நீளமாக விட்டால், போனை நிற்பாட்டி வைத்திருந்தவருக்கு "இன்று மாலை 6 மணி" என்பது மறுநாள் காலையில் போய்ச் சேரும். வண்டி பரந்தனில் நிற்க, ஆள் மாங்குளம் சந்திக்கு வந்து நிற்பார்.